பீடம் பார்த்த காலடிகள்

தூசியில் ஒரே ஒரு வரிசைக் காலடிகள்தான் இருந்தன. துடைப்பத்தோடு உள்ளே கால் வைத்த அஸ்னிவ் அப்படியே நின்றுவிட்டாள். வெறுங்கால்கள். விரல்கள் எல்லாம் பலிபீடத்தைப் பார்த்திருந்தன.

ஃபமகுஸ்தா நகரின் கோட்டைச் சுவரை ஒட்டிய அந்தப் பழைய அர்மேனியக் கோயிலை வருடத்துக்கு ஒரு நாள்தான் திறக்க விடுவார்கள். பதினோரு மணிக்குப் பாதிரியாரும் மற்றவர்களும் எல்லைச் சோதனைச் சாவடி தாண்டிப் பேருந்தில் வந்துவிடுவார்கள். அதற்குள் பெருக்கிவைப்பது அஸ்னிவின் வேலை. இந்த முறை தங்கை ஷோகிக்கும் பிடிவாதமாகக் கூட வந்திருந்தாள். இரண்டு கருவை இழந்தவளுக்கு இது ஏழாம் மாதம். கூட்டம் வருமுன் தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டுமாம். வேண்டாம் என்று எந்த அக்காவால் சொல்ல முடியும்?

பூட்டைத் திறந்துவிட்ட காவலாளி தஹ்சின் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"யாரோ உள்ள போயிருக்காங்கம்மா. திரும்பி வந்த தடத்தையே காணோம்."

அஸ்னிவுக்குச் சிரிப்பு வந்தது. "இத்தன வருஷமா எங்களப் பாக்குறீங்க, இது தெரியாதா? நாங்க பீடத்துக்கு முதுகு காட்ட மாட்டோம். பின்னாலயே நடந்துதான் வெளிய வருவோம். இது வெளிய வந்த தடம்."

"அப்போ உள்ள போன தடம் எங்கக்கா?" என்றாள் ஷோகிக். "பறந்து போனாங்களா?"

தஹ்சின் சிரிக்கவில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சாலைப் பக்கம் போய்விட்டார்.

ஷோகிக் வயிற்றைத் தாங்கியபடி பீடத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றி மண்டியிட்டாள். புறா எச்சமும் ஈரக் கல்லும் கலந்த வாடையில், குறுகிய ஜன்னல் வழியாக விழுந்த காலை வெயிலில், அஸ்னிவின் கண்கள் அந்தக் காலடிகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, பீடத்துக்குப் பின்னால் சுவர் வளையும் இடத்தில் போய் நின்றன. அங்கே இருந்த முதல் தடத்தில் குதிகால் மட்டும்தான் இருந்தது. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது.

அங்கிருந்து புறப்பட்டு, பின்னோக்கி அடியெடுத்து, கோயிலின் நடுவில் இரண்டு பாதங்களும் சேர்ந்து நின்றிருந்தன. அதற்கப்பால் வாசல் வரை, அக்கா தங்கையின் செருப்புத் தடங்களைத் தவிர வேறு தடமே இல்லை.

பயத்தில் கை எதையாவது செய்யத் துடிக்க, அஸ்னிவ் பெருக்க ஆரம்பித்தாள். சுவரிலிருந்து வாசல் நோக்கி, ஒவ்வொரு காலடியாக அழித்துக்கொண்டே வந்தாள். கடைசி ஜோடிப் பாதங்கள் முதலில் பார்த்த இடத்தில் இல்லை. ஒரு அடி தள்ளி, வாசலுக்குப் பக்கமாக இருந்தன. துடைப்பம் எதிலோ தட்டி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஜோடித் தடத்தையும் பெருக்கித் தள்ளிவிட்டு, குப்பையை முறத்தில் அள்ளிக்கொண்டு வாசல்படிக்கு ஓடினாள்.

தரை இப்போது சுத்தமாக இருந்தது. அது எங்கே நிற்கிறது என்று பார்க்க இனி வழியில்லை. என்ன காரியம் செய்துவிட்டேன் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஷோகிக் எழுந்தாள். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, பீடத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

"ஷோகிக், திரும்புடி! முன்னால பாத்து ஓடி வா!"

"சும்மா இரு அக்கா. புள்ளைக்காக வேண்டிட்டு முதுகக் காட்டுவாங்களா?"

ஒரு அடி. இன்னொரு அடி.

அஸ்னிவ் முறத்திலிருந்த தூசியை அவள் பக்கம் வீசினாள். தூசி எழுந்தது. மிதந்தது. மெல்ல இறங்கியது.

ஷோகிக்கின் குதிகால்களுக்குப் பின்னால் இரண்டு வெறும் பாதங்கள். வெகு பக்கத்தில்.

ஷோகிக் நின்றாள். கைகள் மார்பிலேயே இருந்தன.

"அக்கா, கைய எடு. ரொம்ப சில்லுன்னு இருக்கு."

அஸ்னிவ் வாசல்படியில் நின்றாள். பத்தடி தூரத்தில்.

"வெளயாடாதக்கா. வயித்த அழுத்தாத."

ஷோகிக்கின் கறுப்பு அங்கியில், வயிற்றின் இரண்டு பக்கமும், வெள்ளைத் தூசியில் பத்து விரல்கள் படிந்திருந்தன. அவை மெல்ல உள்ளே அமுங்கின.