முழங்காலளவுக் கடல்

தென்லண்டனின் நோர்பரியில், லண்டன் ரோட்டிலிருந்து விலகிய ஒரு தெருவிலுள்ள பழைய தேவாலய மண்டபத்துக்குத் தவமலர் வந்து சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. 1991ஆம் ஆண்டின் கோடை, ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். உள்ளே மெழுகிட்ட மரத்தரையின் மணமும், ஈரக் கோட்டுகளின் மணமும், அலுமினியத் தாளுக்குள் வியர்த்துக்கொண்டிருந்த வடைகளின் மணமும் கலந்திருந்தன. சென்ற ஆண்டும் அவள் இதே மண்டபத்துக்கு வந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள்.

மச்சாள் நிர்மலா பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்திருந்தாள். நிர்மலாவின் அண்ணன் ரொறன்ரோவில் இருந்தான். 1983 இனக்கலவரத்தின்போது கொழும்பில் பிரிந்தவர்கள் பிறகு சந்தித்ததில்லை. அவனுக்கு இங்கிலாந்து விசா மறுக்கப்பட்டது; அமெரிக்க விசா கிடைத்தது. இப்படிப் பிரிந்துபோன குடும்பங்கள் நியூஜெர்சிக் கரையிலுள்ள ஹார்லன் பீச் என்ற சிற்றூரில், கோடை விடுமுறையின் பெயரால், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பயணங்களை ஒழுங்குசெய்பவர் ஸ்ரீஸ்கந்தராஜா. புறப்படுமுன் பயணிகளைக் கூட்டிவைத்துப் புத்திமதி சொல்வது அவருடைய வழக்கம்.

போகவேண்டாமென்று தவமலர் நிர்மலாவிடம் பலமுறை மன்றாடியிருந்தாள். அண்ணன் வருகிறான் என்பதைத் தவிர நிர்மலாவிடம் வேறு பதில் இல்லை. ஆகவே தவமலருக்கு ஒரே வழிதான் மிஞ்சியது. அந்தக் கடலைப் பற்றிய உண்மையை, மறைத்தவர் வாயாலேயே, இந்த மண்டபத்தில் சொல்லவைக்க வேண்டும். இல்லையேல் நிர்மலாவும் அந்த நீரில் இறங்குவாள்.

ஸ்ரீஸ்கந்தராஜா மேடையில் ஏறினார். மடிப்புக் கலையாத சட்டை, தயக்கமில்லாத குரல். அவருடைய புத்திமதிகள் பெரும்பாலும் சரியானவை. அதுதான் ஆபத்து. அங்கே பிளக்கின் கால்கள் தட்டையானவை என்றார். மிளகாய்த்தூளை மறைத்துக் கொண்டுபோகாமல் சுங்கத்தில் கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்றார். கடலோரப் பலகை நடைபாதையில் வெறுங்காலுடன் நடந்தால் சிராய் ஏறும், உணவு பரிமாறியவருக்கு டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் முகத்துக்கு நேரே கேட்பார்கள் என்றார். சபை சிரித்தது. பலர் குறித்துக்கொண்டார்கள்.

பின்பு அவர் கடலுக்கு வந்தார்.

"பீச்சிலை இறங்க அங்கை டிக்கெட் வேணும். டிக்கெட் பாக்கிறவையும் லைப்கார்ட்மாரும் வெயில் ஏறினாப் பிறகுதான் வருவினம். ஆடி அமாவாசையண்டைக்கு விடியவே போய்த் தீர்த்தமாடிப்போட்டு வந்தால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

முன்வரிசைப் பெண்மணி ஒருவர் ஆழமா என்று கேட்டார்.

"ஆழமோ? எங்கட கசூரினா மாதிரித்தான், அக்கா. நடந்துகொண்டே போகலாம்."

சபையிலிருந்த யாழ்ப்பாணத்தார் எல்லோருக்கும் காரைநகரின் கசூரினாக் கடற்கரை தெரியும். கரையிலிருந்து எவ்வளவு தூரம் நடந்தாலும் நீர் முழங்காலைத் தாண்டாது. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கலாம். கடல் என்றால் அவர்களுக்கு அதுதான். வேறொரு கடல் வேறுவிதமாக இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டியவர் மேடையில் நின்று இதைச் சொன்னார்.

சென்ற ஆண்டும் இதே வாக்கியத்தைச் சொன்னார். அக்கா தவநாயகி தலையாட்டிக் கேட்டாள். அவர்களின் தந்தை ஊரில், போருக்கு நடுவே இறந்தவர். இரண்டு மகள்களில் எவராலும் ஈமச்சடங்குக்குப் போக முடியவில்லை. ஆடி அமாவாசை, தந்தையை இழந்தவர்கள் விரதமிருந்து கடலாடும் நாள். யாழ்ப்பாணத்துக் கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போக வழியற்ற அக்கா, ஹார்லன் பீச்சில், விடியற்காலையில், சேலையுடன், காவலர் எவரும் வருமுன் அட்லாண்டிக்கில் இறங்கினாள். உடலைக்கூடக் கடல் திருப்பித் தரவில்லை. அனுதாபம் சொல்ல வந்த ஸ்ரீஸ்கந்தராஜா, விதி என்று சொல்லித் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

தவமலர் எழுந்தாள்.

"நீங்கள் அந்தக் கடலைக் கண்டனீங்களோ?"

அவர் அவளை அடையாளம் கண்டார். புன்னகை மாறவில்லை.

"தங்கச்சி, உங்கட துக்கம் எனக்கு விளங்குது. ஆனால் இது சனத்தைப் பயப்பிடுத்திற இடமில்லை."

"கண்டனீங்களோ இல்லையோ?"

"காணாட்டி என்ன? கடல் கடல்தானே."

அப்போது மண்டபத்தில் உப்பு மணத்தது.

வடை மணமும் மெழுகு மணமும் ஒருங்கே அற்றுப்போயின. பாசியும் பழைய இரும்பும் கலந்த குளிர்ந்த மணம் மட்டும் நின்றது. பேச்சு தானாக ஓய்ந்தது. கூரையில் மழைச் சத்தம் கேட்கவில்லை. மாறாக, மிகத் தொலைவில், எதுவோ மூச்சை உள்ளிழுப்பதுபோல் ஓர் ஓசை நீண்டுகொண்டே போனது.

தவமலரின் குதிகாலுக்கடியில் தரை கரைந்தது.

பார்வைக்குத் தரை அப்படியே இருந்தது. உலர்ந்த, பளபளக்கும் மரம். ஆனால் அலை பின்வாங்கும்போது காலடி மணல் உருவிக்கொண்டு போகுமே, அந்த உணர்வு. அவளுக்கு மட்டுமல்ல. நிர்மலா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். முன்வரிசைப் பெண்மணியின் சேலை, நனையாமலே, நனைந்த சேலையைப்போல் அவர் கால்களைச் சுற்றி இறுக்கிக்கொண்டது.

ஒரு நாற்காலி மேடையை நோக்கி நகர்ந்தது.

அதன் பின்னால் இன்னொன்று.

பிறகு எல்லாம்.

மக்கள் எழுந்து கதவை நோக்கி நடக்க முயன்றார்கள். நடந்தார்கள், ஆனால் கதவு கிட்டவில்லை. நெஞ்சை முன்னால் சாய்த்து, பல்லைக் கடித்து, உலர்ந்த தரையில் ஓர் அடி வைத்து இரண்டடி பின்னே போனார்கள். ஒருவரும் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும்.

அக்கா போன பின்னர் தவமலர் அந்தக் கடற்கரைக்குச் சென்றிருந்தாள். நீரோட்டம் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும்போது அதை எதிர்த்து நீந்துகிறவர்களே களைத்துச் சாகிறார்கள் என்று அங்கே ஒரு காவலன் அவளுக்குச் சொல்லியிருந்தான். அவள் நிர்மலாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எதிர்த்துப் போகாதேங்கோ. பக்கமா வாங்கோ. எல்லாரும் பக்கமா, சுவர்ப்பக்கம்."

அவர்கள் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். சுவரைத் தொட்டதும் இழுவை அறுந்தது. ஒவ்வொருவராகச் சுவரோடு ஒட்டி நின்று, நீரிலிருந்து எழுந்தவர்களைப்போல் மூச்சு வாங்கினார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா மட்டும் மேடை மேசையை இரு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

அவரையும் பக்கமாக வரச்சொல்லியிருக்கலாம். தவமலர் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மழைச் சத்தம் திரும்பி வந்தது.

அவர் சட்டையைச் சரிசெய்தார். பழைய மண்டபம், தரை ஒருபக்கம் சரிந்துவிட்டது, இனி வேறிடம் பார்க்கவேண்டும் என்றார். சுவரோடு ஒட்டி நின்றவர்கள் நகராததைக் கண்டு, குரலை உயர்த்தினார்.

"இந்தமுறை நானும் வாறன். உங்களுக்கு முதல் நானே இறங்கிக் காட்டுறன். போதுமோ?"

போதும் என்று சிலர் தலையசைத்தார்கள். தவமலரின் கோபம் அந்தக் கணத்தில் அவரைக் கடந்து, தலையசைத்தவர்கள்மீதும் பரவியது. வாசலில் நிர்மலா அவள் காதோரம் குனிந்தாள்.

"நான் கால் நனைக்கமாட்டன், மலர். சத்தியமா."

ஆடி அமாவாசையன்று தவமலர் வேலைக்குப் போகவில்லை. லண்டனில் முற்பகல், நியூஜெர்சியில் அப்போதுதான் விடிந்திருக்கும். தொலைபேசி மணி அடித்தது. பலகை நடைபாதையிலுள்ள பொதுத் தொலைபேசியிலிருந்து நிர்மலா பேசினாள். குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

எல்லோரும் விடியவே வந்துவிட்டார்கள் என்றாள். ஆனால் ஒருவராலும் நீரைத் தொட முடியவில்லை. கால் வைக்கப் போனவர்களை யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதுபோல் பின்னே தள்ளியது. அவளுடைய அண்ணன் மணலில் மல்லாக்க விழுந்தான். அவன் சட்டையில் ஈரமாக ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது, சிறிய கை.

"ஸ்ரீஸ்கந்தராஜாவைத் தள்ளேல்லையோ?"

"இல்லை. அவர் இறங்கீற்றார்."

தவமலர் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நடக்கிறார், மலர். அவருக்கு ரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு அலை அடிக்குது. அவர் போற இடத்திலை மட்டும் அலை இல்லை. முழங்கால்தான் தண்ணி."

"கூப்பிடுங்கோ. திரும்பி வரச்சொல்லுங்கோ."

அந்த மனிதரை மீட்கும் சொல் தன் வாயிலிருந்து வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"கூப்பிட்டம். கையைக் காட்டிச் சிரிக்கிறார். சரியாச் சின்னனாத் தெரியிறார் இப்ப. இன்னும் முழங்கால்தான்."

கம்பியின் மறுமுனையில் காற்று இரைந்தது. யாரோ தேவாரத்தைத் தொடங்கி, நடுவில் நிறுத்தினார்கள்.

"மலர்."

"சொல்லு."

"அவருக்கு முன்னாலை ஒரு பொம்பிளை போறா. சேலை கட்டியிருக்கிறா. இவ்வளவு நேரமும் நாங்கள் காணேல்லை."

தவமலர் கண்களை மூடிக்கொண்டாள். நிர்மலாவின் மூச்சு அவள் காதில் விட்டுவிட்டுக் கேட்டது.

"இப்ப நிண்டிட்டா. திரும்பிறா."

"அவர் எங்கை?"



"அவரைக் காணேல்லை. அவ மட்டும் கரைக்கு வாறா."