பூஜ்யக் கோடு

உப்புத் தண்ணீர் சீசாவுக்கு ஏது இதயம்? அப்படியிருந்தும் பேனா அசைந்தது.

ஆஸ்பத்திரி மெஷின் ஓட்டுகிற ஹிதாயத்துல்லா ஒவ்வொரு நோயாளிக்கும் முன்பாகச் செய்கிற வேலைதான். இதயம்வரை நரம்பு வழியே விடும் மெல்லிய குழாயான கதீட்டரைக் கொதிக்க வைத்து எடுத்து, அதன் நுனியைச் சீசாவில் விட்டு, மறுமுனையை அழுத்தமானியில் மாட்டுவான். உருளும் காகிதத்தில் பேனா நேர்கோடு போட வேண்டும். காதுக்கு எட்டாத இதய அதிர்வைக்கூட எழுதிவிடும் மெஷின் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் கடலூரில் அதை ஓட்டத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்ற திமிரும் அவனுக்கு உண்டு.

முதுநகர் ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி போனால் தரை அதிரும். அதுதான் என்று காத்திருந்தான். வண்டியின் கடகடப்பு தேய்ந்து அடங்கியது, ஸ்பிரிட் நெடியும் ஜன்னல் வழி வந்த கருவாட்டு வாடையும் தொண்டையில் நின்றன, விசிறியின் நிழல் சுவரில் சுற்றிச் சுற்றி வந்தது, பேனா மட்டும் ஓயவில்லை. மூன்று மேடு, ஒரு பள்ளம். நாலாவது துடிப்பில் ஒரு தடுமாற்றம்.

அந்தக் கோணல் அவனுக்குத் தெரியும். கீரப்பாளையத்துப் பொன்னியுடையது.

போன வியாழக்கிழமை, இதே மேஜையில், இதே கதீட்டரோடு செத்தாள் பொன்னி. குழாயில் ஓடிய காற்றுக் குமிழியை அவன் பார்த்தான். வாய் திறப்பதற்குள் அது உள்ளே போய் இதயத்தை அடைத்துவிட்டது. டாக்டர் கேட்டபோது, "மெஷின்ல ஒண்ணும் இல்ல சார்" என்றான். பாவி, அன்றைக்கு ராத்திரி வயிறாரச் சோறும் தின்றான்.

இன்று மேஜையில் கிடப்பவள் அவன் தங்கை மலிகா. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். மூச்சிரைப்பு என்றதும் அவன்தான் பஸ் ஏற்றிக் கூட்டி வந்தான்.

"என்னண்ணே, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? ஊசி எனக்கா, ஒனக்கா?"

டாக்டர் சுப்பராயலு கையுறையை மாட்டிக்கொண்டார். "கோடு சரியா இருக்கா?"

இந்தக் கதீட்டர் வேண்டாம் என்று சொன்னால் போதும். ஏன் என்பார். வியாழக்கிழமை வெளியே வரும். வேலை போகும், போலீஸ் வரும்.

"சரியா இருக்கு சார்."

மலிகாவின் கை நரம்பில் குழாய் இறங்கியது. கண்ணைக் கொட்டாமல் குமிழியைத் தேடினான். குமிழியே இல்லை. காகிதத்தில் அவள் துடிப்பு வந்தது, சின்னதாக, வேகமாக. அப்புறம் அதற்கு அடியில் மூன்று மேடு.

மேஜைக் கால் அதிர்ந்தது. அவன் பல் அதிர்ந்தது.

"அண்ணே," என்றாள் மலிகா மெதுவாக. "உள்ள யாரோ தட்றாங்க."

டாக்டர் நிமிர்ந்தார். "ஹிதாயத், மெஷின் கோளாறா? வெளிய எடுத்துரட்டா?"

இப்போதாவது. இப்போதாவது சொல்லித் தொலையேன்டா.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார்."

சின்னத் துடிப்பு தடுமாறியது. நாலாவதில்.

நின்றது.

டாக்டர் நெஞ்சை அழுத்தினார். ஊசி போட்டார். அரைமணி கழித்துத் துணியை இழுத்து மலிகாவின் முகத்தை மூடிவிட்டு வெளியே போனார். ஹிதாயத்துல்லாவுக்கு அழுகை வரவில்லை. பழகிப்போன கை கதீட்டரைக் கழுவியது, நுனியைச் சீசாவில் விட்டது.

பேனா அசைந்தது.

மூன்று மேடு, ஒரு பள்ளம். அதை ஒட்டி, சின்னதாக, வேகமாக, இன்னொன்று.