பாதிக் கோப்பை

செல்போன் அலறியது.

அடையாறில் ஏணி மேல் நின்று கண்காட்சிக்குப் படம் மாட்டிக்கொண்டிருந்தான் தௌசீஃப். ஆளில்லாத தியேட்டர், ஆளில்லாத நீச்சல்குளம், ஆளில்லாத பூங்கா... இருபது வருட உழைப்பு. முதல் கண்காட்சி. மாலை ஐந்துக்குத் திறப்பு விழா.

"இன்ஸ்பெக்டர் ஜான்சி பேசறேன். காலைல கோபாலபுரம் கிளப்புல படம் எடுத்தீங்களா?"

"ஆமா மேடம். பில்லியர்ட்ஸ் ரூம்."

"அங்க இருந்த வெள்ளிக் கோப்பையக் காணோம். கேமராவோட வாங்க."

அவன் ஏணியிலிருந்து இறங்கினான். உள்ளே தள்ளிவிட்டால் ரிப்பனை யார் வெட்டுவது?

கிளப்பில் விரலை நீட்டத் தயாராக நின்றிருந்தார் செயலாளர் ஸ்ரீநாத்.

"இவர்தான் மேடம். ஏழு மணிக்கு வாட்ச்மேன் முன்கேட்ல இவரை மட்டுந்தான் விட்டான். நான் வந்ததே பத்து மணிக்கு."

ஜான்சி தௌசீஃபை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆளே இல்லாத எடத்தைப் போய் ஏன் எடுக்கறீங்க?"

"ஆளு இருந்தா, என்னைய ஒரு போட்டோ எடுன்னு உசுர வாங்குவாங்க மேடம்."

கேமராத் திரையைக் காட்டினான். பச்சை மேஜை. காலி நாற்காலிகள். அலமாரியில் கோப்பை...

ஆனால் அதன் ஊடாகச் சுவர் தெரிந்தது!

"என்ன இது, கோப்பையோட ஆவியா?"

"கேமரா ஷட்டர ஆறு நிமிஷம் தொறந்தே வச்சி எடுத்த படம் மேடம். நடமாடற ஆளு இதுல தெரியவே மாட்டான். நடுவுல எவனோ கோப்பையத் தூக்கிகினு போய்க்கீறான். அதான் பாதியா கீது."

"அந்த எவனோ நீங்களா இருந்தா?"

தரை அதிர்ந்தால் படம் கெடும் என்று, கேமராவை ஓடவிட்டு பக்கத்து டீக்கடைக்குப் போய்விடுவது தௌசீஃபின் வழக்கம். அதைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஸ்ரீநாத் பொங்கிவிட்டார்.

"சுத்த உடான்ஸ் மேடம்! கேமரா அது பாட்டுக்குத் தனியா நின்னுச்சு. பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. க்ளிக்குனு ஒரு சத்தம்கூட வரல. அது எப்படிப் படம் எடுக்கும்?"

ஜான்சி மெதுவாகத் திரும்பினாள்.

"நீங்க பத்து மணிக்குத்தானே வந்தீங்க சார்? கேமரா தனியா நின்னத எப்பப் பாத்தீங்க? பின்வாசல் சாவியையும் கார் சாவியையும் எடுங்க."

ஸ்ரீநாத்தின் கார் டிக்கியில், டென்னிஸ் துண்டுக்குள், கோப்பை முழுசாகவே கிடைத்தது.

மணி நாலரை.

"அதான் தப்பிச்சிட்டீங்களே, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் ஜான்சி.

"இருபது வருஷமா ஒரு ஆள்கூட மாட்டாம படம் எடுத்துகினு இருந்தேன் மேடம்... இன்னிக்கி ஒருத்தன் மாட்டிகினான், பேரு கெட்டுப்போச்சே!"