பன்னிரண்டு பைட் குறைச்சல்

காலை 9.20. ஸ்க்ரீன் செத்துப்போனது. நிலக்கரி பெல்ட்டைக் கண்காணிக்கும் ப்ரோக்ராம் அந்த 2014 ஜூலையில் விழுவது அது மூன்றாவது தடவை. கூடவே பெல்ட்டும் நின்றது. மூன்று தடவையும் சீட்டில் இருந்தவன் ஜெப்ரின். ஷிப்ட் மாறினாலும் சனியன் அவன் பின்னாலேயே வந்தது.

9.50. நெய்வேலிச் சுரங்கத்தில் பெல்ட் ஓட்டும் கான்ட்ராக்ட் கம்பெனி அது. அதன் ப்ரோக்ராமை எழுதிய கோபாலகிருஷ்ணன்தான் விசாரித்தார். தலைக்கு மேலே சுவரில் அவர் எப்போதோ ஒட்டிய விதித்தாள், பழுத்துப்போய்.

“எதைத் தொட்டே?”

“எதையும் தொடல சார். வந்ததும் வழக்கம்போல புதுசா கம்பைல் பண்ணிட்டு...”

“அத விடு. வேற என்ன நோண்டினே?”

“ஒண்ணுமில்ல சார்.”

மேனேஜர் பன்னீர்செல்வம் தாளை நீட்டினார். “இவன் சீட்டுல மட்டும்தான் விழுது. வேலைய விட்டு எடுத்துடலாம். கையெழுத்துப் போடுங்க.”

அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆகவேண்டிய பையன். கோபாலகிருஷ்ணன் போட்டார். போட்ட பிறகு மனசு கேட்கவில்லை.

2.15. மற்றவர்கள் ஓட்டும் ப்ரோக்ராம் காப்பியையும் ஜெப்ரின் காலையில் கம்பைல் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூல ப்ரோக்ராமில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஜெப்ரினுடையது மட்டும் பன்னிரண்டு பைட் குறைச்சல். தானே கம்பைல் செய்து பார்த்தார். இருபத்தாறு தடவை ஒரே அளவு. இருபத்தேழாவதில் பன்னிரண்டு பைட் காணோம். ஓட்டினார், விழுந்தது.

4.40. பன்னீர்செல்வத்திடம் போனார். “குற்றவாளி ஜெப்ரின் இல்ல சார், கம்பைலர். நாம எழுதுறத மெஷின் பாஷைக்கு மாத்தித் தர்ற சாப்ட்வேர். எப்பவாவது ஒரு தரம் ஒரு பாதுகாப்பு வரிய முழுங்கிடுது.”

“அப்ப மத்தவங்களுக்கு ஏன் விழல?”

“அவங்க மாசக்கணக்கா ஒரே பழைய காப்பிய ஓட்டுறாங்க. இவன் ஒருத்தன்தான் ஷிப்டுக்கு ஷிப்டு புதுசா கம்பைல் பண்றான்.”

“யாரு பண்ணச் சொன்னா?”

கோபாலகிருஷ்ணன் சுவரைக் காட்டினார். ‘ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் புதிதாக கம்பைல் செய்யவும்.’ கீழே அவர் கையெழுத்து. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒழுங்காக இருந்தவன் தலையில்தானே விடிந்தது.

“பேப்பர் மூணு மணிக்கே போயிடுச்சு,” என்றார் பன்னீர்செல்வம். “பெர்மனென்ட் லிஸ்ட்ல பேர அடிச்சுட்டாங்க. அடுத்த லிஸ்ட் எப்பவோ.”

5.10. சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்கு டிபன் பாக்ஸோடு நின்றிருந்தான் ஜெப்ரின். அவர் எல்லாவற்றையும் சொன்னார். “தப்பு என்னுதுப்பா. நான் எழுதிக் கொடுக்கிறேன்.”

“புதுசா கம்பைல் பண்ணினப்புறம்தான் விழுதுன்னுதானே சார் மூணு தடவையும் சொல்ல வந்தேன். ஒரு தடவைகூட நீங்க முடிக்க விடலையே.”

பஸ் வந்தது. இந்தத் தடவை அவன் முடித்துவிட்டுத்தான் ஏறினான்.