கிட்ட வாங்க

தங்கம்மாவின் பிரேதம் கிடந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு யோகராஜ் கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. யாரும் அவனைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா தானாகவே சாவு வீட்டுக்கு வந்து, சும்மாவே படம் பிடித்துத் தருகிறேன் என்றால் லயத்துச் சனம் கும்பிடாமல் என்ன செய்யும்? கும்பிட்டது. ஒவ்வொரு கும்பிடும் அவனுக்கு முள்ளாகக் குத்தியது. குத்த வேண்டியதுதான்.

முந்தின நாள் பௌர்ணமி, போயா விடுமுறை. துரையும் பெரிய கிளாக்கரும் கொழும்புக்குப் போயிருந்தார்கள். தோட்டத்து லொறியின் சாவி யோகராஜிடம் இருந்தது. பலாங்கொடை பஸாரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் மர்சூக், தோட்டப் பள்ளிக்கூடத்து ரோசலின் டீச்சர், தபால் கந்தோரில் வேலை செய்யும் சாலி, யோகராஜ் என்று நாலு பேருக்குப் படப் பைத்தியம். போயாவுக்குப் போயா ஸ்டுடியோவின் பின்னறையில் கூடுவார்கள். அந்த மாதம் எடுத்த படங்களை மேசையில் பரப்பி, ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுப்பார்கள். குறை சொல்வது அங்கே வழக்கமே இல்லை. தலை வெட்டுப்பட்ட படத்தைக் காட்டினாலும் காலைப் பார்த்து நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவார் மர்சூக்.

அந்தப் போயாவுக்கு ஓர் அருவியைப் பிடிக்கப் போகலாம் என்று பேச்சு வந்தது. பஸ் போகாத இடம். துரையிடம் கேட்டாயிற்று என்று கூட்டாளிகளிடம் பொய் சொல்லி, டிரைவரையும் கூட்டிக்கொண்டு யோகராஜ் லொறியைக் கொண்டுபோனான்.

அவர்கள் அருவியடியில் வெளிச்சத்துக்குக் காத்திருந்த நேரத்தில்தான் தங்கம்மாவுக்கு வலி கண்டது. அவள் புருஷன் அழகமுத்து லொறி கேட்டு மூன்று தடவை ஆபீஸுக்கு ஓடி வந்து, பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். கடைசியில் நாலு பேர் அவளைக் கம்பளியில் கிடத்தி மலையிறக்கினார்கள். பஸ் ரோட்டை எட்டுவதற்கு முன்னே, பாலத்தடியில் தாயும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது. அதற்கு முன்னமே இரண்டு பிள்ளைகளைப் பெற்ற கையோடு மண்ணுக்குக் கொடுத்தவள் அவள்.

லொறி காலையிலிருந்தே கராஜில் பழுதாகக் கிடந்தது என்று அழகமுத்துவிடம் யோகராஜ் சொன்னான். டிரைவரும் ஆமாம் என்றான். இரண்டு பேரின் வேலையும் அந்த ஒரு பொய்யில் தொங்கியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்த நெஞ்சுக்கு மருந்தாகத்தான் கமராவோடு வந்து நின்றான்.

பெட்டியை வாசலில் வைத்திருந்தார்கள். தங்கம்மாவுக்குக் கல்யாணத்துக் கூறைச்சேலையையே கட்டியிருந்தார்கள், நல்ல இரத்தச் சிவப்பு. வாய் திறந்துவிடாமல் தாடையைச் சேர்த்துத் தலையோடு வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. ரோசாத்தண்ணியும் சாம்பிராணியும் மழை ஈரமும் கலந்த வாசம். சொந்தக்காரர்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். கூட்டம் பெரியது, வாசல் சின்னது. ஓரத்தில் நின்றவர்கள் படத்துக்குள் அடங்கவில்லை. கமராவுக்குள் கண்ணை வைத்தால் உலகத்தையே மறந்துவிடுவது யோகராஜின் சுபாவம். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதையும் மறந்தான்.

"கிட்ட வாங்க," என்றான். "இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க."

வாசலோரம் அடித்துக்கொண்டிருந்த தப்பு மேளச் சத்தம் நின்றது.

சாவு வீட்டில் வருகிறவரை யாரும் வாங்க என்று கூப்பிடுவதில்லை. போகிறவரும் போயிட்டு வர்றேன் என்று சொல்வதில்லை. பேசாமல் வந்து பேசாமல் போவதுதான் முறை. யோகராஜுக்கும் இது தெரியாததல்ல. தப்பு அடித்துக்கொண்டிருந்த இருளப்பன் எழுந்து அவன் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்.

"ஐயா, எழவு வீட்டுல அந்த வார்த்தையச் சொல்லாதீங்க. யாருக்குக் கேக்கும்னு நமக்குத் தெரியாதுங்க."

யோகராஜ் தலையாட்டிவிட்டுப் படத்தை எடுத்தான். ரோலில் பத்துப் பன்னிரண்டு படம் மிச்சமிருந்தது. அதை வீட்டில் ஷாமிளாவைப் பிடித்து முடித்தான். ஷாமிளா அவனுடைய ஒரே மகள், ஐந்து வயது. குவார்ட்டர்ஸ் படியில் உட்காரவைத்தால் தேயிலை மலை முழுக்கப் பின்னால் தெரியும். அவன் எடுத்ததில் முக்கால்வாசிப் படம் அந்தப் படியில் எடுத்ததுதான். பிள்ளை மேல் அவனுக்கு அப்படி ஓர் உயிர்.

அடுத்த போயாவுக்கு மர்சூக் அந்த ரோலை இரத்தினபுரியில் கழுவி எடுத்து வைத்திருந்தார். ஷாமிளாவின் படத்தைப் பார்த்ததும் மூன்று பேரும் மேசை மேல் குனிந்துவிட்டார்கள். பிள்ளைக்குப் பின்னால், தூரத்து மலை உச்சியில், சிவப்பாக ஒரு புள்ளி.

"பச்சைக்கு நடுவுல ஒரு சிவப்பு," என்றார் மர்சூக். "இது எப்பிடி யோகராஜ் ஒங்களுக்குத் தோணிச்சி? மிச்சம் நல்லா ஈக்குது."

கொழுந்து பறிக்கும் பெண் யாராவது இருக்கும் என்று யோகராஜ் சிரித்துக்கொண்டான். பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்? அடுத்த மாதமும் அதே படியில் ஒரு ரோல் முழுக்க எடுத்தான். அந்தப் படங்களில் சிவப்புச் சேலை மலையின் பாதி வரை இறங்கியிருந்தது. அதற்கடுத்த மாதம் தண்ணீர்ப் பீலியடியில் நின்றது. பின்னால் ஆள் நிற்பது படத்துக்கு ஆழம் கொடுக்கிறது என்றார் சாலி. பொறுமையாக ஒருத்தியை ஒவ்வொரு மாதமும் கிட்டக் கிட்டக் கொண்டுவருவது பெரிய திறமை என்று ரோசலின் டீச்சர் மெச்சினாள்.

யோகராஜ் யாரையும் கொண்டுவரவில்லை. எடுக்கும்போது அங்கே யாரும் இருந்ததும் இல்லை.

நாலாவது மாதம் அவள் செம்பருத்தி வேலியில் கைவைத்து நின்றாள். இப்போது முகம் தெரிந்தது. மர்சூக் படத்தைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"பல்லு வலியோ இந்தப் பொம்புளைக்கு? தாடையக் கட்டீக்கிறாவே."

சாலி சிரித்தார். ரோசலின் டீச்சரும் சிரித்தாள்.

யோகராஜுக்கு அந்த வெள்ளைக் கட்டு யாருடையது என்று தெரிந்துவிட்டது. எழுந்து போய்ப் பின்வாசலில் வாந்தியெடுத்தான். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, என்ன அண்ணே, எதுவாக இருந்தாலும் சொல்லுங்க என்றாள். அவள் உண்மையாகவே கேட்டாள். அந்த நேரத்தில் அவன் வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் செத்தவள் ஏன் வருகிறாள் என்று சொல்லப் போனால், லொறி எங்கே போயிருந்தது என்று சொல்ல வேண்டும். வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், அழகமுத்து தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்து நிற்பான்.

"ஒண்ணுமில்ல டீச்சர். லென்ஸ்ல பூஞ்சணம் புடிச்சிருச்சி. இனிமே அந்தக் கமராவுல படம் எடுக்க ஏலாது. அந்தக் கவலதான்."

இந்த மழை ஊரில் பூஞ்சணம் பிடிக்காத லென்ஸ் எங்கே இருக்கிறது? நம்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கமராவை அலுமாரியில் வைத்துப் பூட்டினான். அன்றைக்கே ஒன்று கவனித்தான். வேலிப் பக்கம் போனால் ரோசாத்தண்ணி வாசம் அடித்தது. படிக்கு வந்தால் அடிக்கவில்லை. ஷாமிளா வேலியைப் பார்த்தபடி பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"அந்த அத்த இன்னிக்கு வரலப்பா. அங்கயே நிக்கிறாங்க."

"எந்த அத்த?"

"படம் புடிச்சாத்தான் நடப்பாங்களாம்."

யோகராஜ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். கணக்கு விளங்கிவிட்டது. ஒரு படத்துக்கு ஓர் எட்டு. படம் இல்லாவிட்டால் எட்டும் இல்லை. இனிமேல் இந்த வீட்டில் யாரும் ஷாமிளாவைப் படம் எடுக்கக் கூடாது என்று மனைவி துஷ்யந்தியிடம் கண்டிப்பாகச் சொல்ல நினைத்தான். காரணம் கேட்பாளே என்று அதையும் சொல்லாமல் விட்டான். மூடி மூடி வைத்தே காரியத்தைக் கெடுக்கிறவர்கள் உண்டு. யோகராஜ் அந்த ஜாதி.

நாலு வாரம் வாசம் வேலியைத் தாண்டவில்லை. அவன் சாப்பிட்டான், தூங்கினான்.

போயா வந்தது. அவன் டவுனுக்குப் போகவில்லை. பெக்டரியில் ஏதோ வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருந்தான். பதினொரு மணிக்கு வோச்சர் வந்து, ஐயா வீட்டுக்கு டவுனிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றான். கையில் பெரிய கமராவாம். பாப்பாவை வளைத்து வளைத்துப் படம் பிடிக்கிறார்களாம்.

யோகராஜ் ஓடினான்.

பாவிகள் மூவரும் நல்ல எண்ணத்தோடுதான் வந்திருந்தார்கள். கமரா கெட்டு மனமுடைந்து போன சிநேகிதனுக்கு மகளின் படங்களை எடுத்துப் பரிசாகக் கொடுப்பது என்று பேசி, மர்சூக் தன்னுடைய விலையுயர்ந்த கமராவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தார். புது ரோல், முப்பத்தாறு படம்.

குவார்ட்டர்ஸ் வளைவில் திரும்பும்போதே அவனுக்குச் சத்தம் கேட்டது.

க்ளிக்.

க்ளிக்.

வாசம் ரோட்டுக்கே வந்திருந்தது. பட்டப்பகல், வெயிலும் இருந்தது. ஷாமிளா படியில் நின்றாள். மர்சூக் புல்லில் மண்டியிட்டு, கண்ணைக் கமராவில் ஒட்டியிருந்தார். டீச்சரும் சாலியும் கைதட்டிப் பிள்ளைக்குச் சிரிப்புக் காட்டினார்கள். துஷ்யந்தி தட்டில் தேநீரோடு நின்றாள். பிள்ளை அவர்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. தன் பக்கத்தில், தலைக்கு மேலே, யாருடைய முகத்தையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்காதீங்க நாநா!" என்று மர்சூக்கைப் பார்த்துக் கத்தினான்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு யோகராஜ்," என்றார் மர்சூக் கண்ணை எடுக்காமல். "கடைசிப் படம்."

க்ளிக்.

ஷாமிளா வலது கையை மேலே தூக்கினாள். பெரியவர்கள் பிடித்துக்கொள்வதற்குப் பிள்ளைகள் கொடுப்பார்களே, அப்படி. விரல்கள் எதையோ பற்றி மூடின. படியிறங்கி, மர்சூக்கைத் தாண்டி, வேலியின் இடைவெளி வழியே வெளியே நடந்தாள். யோகராஜ் பத்தடி தூரத்தில் இருந்தான். பாய்ந்து வேலியைக் கடந்தான்.

அந்தப் பக்கம் தேயிலை மட்டும் இருந்தது.

தோட்டமே திரண்டு தேடியது. அழகமுத்துவும் தேடினான், மற்றவர்கள் சோர்ந்த பிறகும் அவன் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குக் கான் இறங்கித் தேடினான். மறுநாள் காலை அவனே கண்டுபிடித்தான். பிள்ளை இடுகாட்டில், தங்கம்மாவைப் புதைத்த மேட்டில் ஒருக்களித்துக் கிடந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தலை மண்ணில் படாமல் நாலு விரற்கடை உயர்ந்திருந்தது. யாரோ கையை மடித்துத் தலைக்குக் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அழகமுத்து அவளைத் தூக்கிய பிறகுதான் தலை சாய்ந்தது. அவன் பிள்ளையை நெஞ்சில் அணைத்தபடி மலையேறி வந்து யோகராஜின் கையில் கொடுத்தான். எனக்கு ஆன மாதிரியே ஐயாவுக்கும் ஆகிவிட்டதே என்று சொல்லி அழுதான். அப்போதும் யோகராஜ் லொறியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மர்சூக் அந்த ரோலைக் கழுவவே இல்லை. வெயிலில் உருவிப் போட்டுவிட்டார்.

ஒரு வருஷம் போனது. யோகராஜ் அலுமாரியைத் திறந்து கமராவை எடுத்தான். எவளுக்குப் பயந்து பூட்டினானோ அவளைத் தேடியே இப்போது எடுத்தான். அவள் வந்தால் கூடவே பிள்ளையும் வருமே என்ற ஆசை. தினமும் வெறும் படியை எடுத்தான், வெறும் வேலியை எடுத்தான், மலையை எடுத்தான். எடுக்கும்போதெல்லாம் வாம்மா, கிட்ட வாம்மா என்று தொண்டை வற்றக் கூப்பிட்டான். ரோல் ரோலாக வெறும் தேயிலைதான் வந்தது. செத்தவள் ஒரு வார்த்தைக்கு வந்தாள். பெற்ற பிள்ளை ஆயிரம் வார்த்தைக்கும் வரவில்லை. கூட்டாளிகள் பரிதாபத்தில் அந்த வெறும் படங்களையும் மேசையில் பரப்பி, வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது என்றார்கள்.

பிறகு ஒரு போயாவில் ரோசலின் டீச்சர் ஒரு படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, அவனிடம் நீட்டினாள்.

மலையின் நடுவில் சிவப்புச் சேலை. முதுகைக் காட்டிக்கொண்டு உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சின்னதாக ஓர் உருவம், அதே சட்டை. ஒரு கை அவள் கையில் இருந்தது. யோகராஜ் படத்தை நெஞ்சோடு சேர்த்து அழுதான். சந்தோஷத்தில்தான் அழுதான். என் பிள்ளை திரும்பிப் பார்க்கிறாள், என்னைக் கூப்பிடுகிறாள், பாருங்க நாநா என்றான்.

மர்சூக் பார்த்தார். பிள்ளை திரும்பிப் பார்த்தது உண்மை. மற்றக் கையை நீட்டி வா வா என்று அழைத்ததும் உண்மை. ஆனால் அவள் பார்வை கமராவுக்கு நேரே இல்லை. கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் கீழே விழுந்திருந்தது.

"இத எடுக்கக்குள்ள ஒங்கட பக்கத்துல ஆரு நின்ட?" என்று மெதுவாகக் கேட்டார்.

யோகராஜ் யோசித்தான். அழுகை நின்றது. அன்று காலை துஷ்யந்தி அவனுக்கு இடது பக்கத்தில், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஏழு மாதம்.