துண்டுக்கு அடியில்

ஆட்டுக்குட்டியின் தொடைப் புண்ணில் ஈ உட்காரவில்லை.

மே மாதத்துச் சங்கரன்கோவிலில் ஈ உட்காராத பொருள் என்று ஒன்று கிடையாது. மாம்பழத் தோலில் உட்காரும், காலண்டர் சாமியின் மூக்கில் உட்காரும், பேசிக்கொண்டிருப்பவரின் உதட்டில் உட்கார்ந்து மீதிப் பேச்சையும் கேட்கும். அப்படிப்பட்ட ஊரில், நாய் குதறி எட்டுத் தையல் போட்டு இன்னும் நிணநீர் கசிகிற புண்ணைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு எதுவுமே பறக்கவில்லை. பக்கத்துக் கஞ்சிச் சட்டியில் மொய்த்தது. குட்டியின் காதில்கூட இரண்டு இருந்தன. தொடையை நெருங்கியவை மட்டும், யாரோ அங்கே உட்கார்ந்திருப்பது போல, வளைந்து விலகிப் போயின.

மருந்து வாடைக்குத்தான் வரவில்லை என்று உச்சிமாகாளி முடிவு கட்டினார். முப்பது வருடமாக ஆட்டுத் தரகு. காரணம் இல்லாத இடத்தில் ஒரு காரணத்தைப் பொருத்தி, எதிராளி தலையாட்டும்வரை விடாமல் பேசுவதுதான் தொழிலே. அன்றைக்கு அதைத் தனக்கே விற்றுக்கொண்டார்.

குட்டி, கன்னி ரக ஆட்டில் மூன்று மாதத்துக் குட்டி. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. ஐந்தாம் வகுப்பு முடித்து லீவில் இருக்கும் அவர் மகள் இசக்கிச்செல்வி அதற்கு பிஸ்கட் என்று பேர் வைத்திருந்தாள். புளியங்குடி ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் வீடு. ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில், புறவாசல் முள்வேலியைத் தாண்டி ஒரு செவலை நாய் வந்தது. அந்தத் தெருவில் அதை அதற்கு முன்னால் பார்த்தவர் இல்லை. பின்னாலும் இல்லை.

"எப்பா, அது பிஸ்கட்டக் கடிக்க வரல," என்றாள் மகள், அழுது முடித்த பிறகு. "என்னையத்தான் பாத்துக்கிட்டே வந்துச்சு. பிஸ்கட்டு குறுக்க வந்து நின்னுட்டு."

"ஏட்டி, போ. ஆட்டக் கண்டா நாய் கடிக்கும். அதுக்கு உன்னைய யாருன்னு தெரியுமா?"

கால்நடை மருத்துவர் எப்சிபா தையல் போட்டு, வெறிநாய்க்கடிக்கு ஊசியும் போட்டு, ஒரு ஜோடி கையுறையைக் கையில் திணித்தார். "வெறுங்கையோட தொடாதீங்க அண்ணாச்சி. புதன்கிழமை தாண்டிட்டா பொழைச்சுக்கும். தாண்டலேன்னா... பிள்ளைகிட்ட இப்பமே பக்குவமாச் சொல்லி வச்சிருங்க."

எப்படிச் சொல்வது? பிள்ளை குட்டிக்குப் பக்கத்திலேயே சாக்கு விரித்துப் படுத்துக் கிடந்தாள். அது பால் குடிக்கும்வரை தனக்கும் சோறு வேண்டாம் என்றாள். ஊரில் எவன் எந்த விலையில் மடங்குவான் என்று தெரிந்தவருக்கு இந்த ஒருத்தியை மடக்க வழி தெரியவில்லை. குட்டி பிழைத்தே ஆக வேண்டும்.

திங்கள்கிழமை மத்தியானம். மனைவி சங்கரம்மாள் பூ மார்க்கெட்டிலிருந்து திரும்ப மூன்று மணி ஆகும். மின்சாரம் போனதில் தெருவின் விசைத்தறிச் சத்தமெல்லாம் ஒரே வெட்டாக நின்று, காதுக்குள் வெயில் மட்டும் இரைந்தது. கை வருவதைப் பார்த்தாலே குட்டி உதறித் தையலைப் பிய்த்துக்கொண்டதால், உச்சிமாகாளி தன் சந்தைத் துண்டை அதன் தொடைமேல் விரித்து, அடியில் கைவிட்டு மருந்து தடவினார். கையுறை போடவில்லை. போட்டால் விரல் குருடாகிவிடும். பல்லைப் பார்க்காமலே ஆட்டின் வயதைச் சொல்கிற விரல்கள் அவை.

துண்டுக்கு அடியில் ஏதோ ஒன்று அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தது.

குட்டியின் குளம்பு இல்லை. வாய் இல்லை. வாய் ஈரமாக இருக்கும். இது காய்ந்திருந்தது, கயிறு பிடித்துக் காய்த்த கை போல. வலிக்காமல், அவசரமில்லாமல், அடியிலிருந்து நுனிவரை விரலை வருடி, பிடித்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தது.

சந்தையில் கால் வைத்தவர்களுக்கு அந்தப் பிடி தெரியும். செல்போனில் பணம் போகிற இந்தக் காலத்திலும் ஆட்டு விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் இரண்டு கை. வாங்குகிறவன் எத்தனை விரல் பிடிக்கிறானோ அதுதான் விலை. விற்கிறவன் உதறினால், 'போதாது, ஏற்று' என்று அர்த்தம். உள்ளங்கையை அழுத்தினால் முடிந்தது. முடிந்த உருப்படியின் பிடரியில் வாங்கியவன் மூன்று விரலால் சிவப்புச் சாயத்தை இழுத்துவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவான்.

உச்சிமாகாளி கையை உதறினார். பயத்தில் உதறியதுதான். ஆனால் துண்டுக்கு அடியில் உதறினார்.

துண்டைத் தூக்கிப் பார்த்தார். தையல், மஞ்சள், வேப்பெண்ணெய். வேறொன்றும் இல்லை. அன்று சாயந்தரம் குட்டி பால் குடித்தது.

"சந்தையிலதான் துண்டுக்குள்ள கைய விட்டுக்கிட்டுத் திரியுதீங்கன்னா வீட்லயுமா?" என்று சங்கரம்மாள் சிரித்தாள். "நம்ம குட்டிக்கு யாருகிட்ட வெலை பேசுதீங்க?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தள்ளிப் போட்டுப் பார்த்தார். பதினொன்றுக்குப் போட வேண்டிய மருந்து, பன்னிரண்டு தாண்டியும் கிடந்தது. மகள் உலுக்கினாள். "எப்பா, போட மாட்டீங்களா? பாவம்லா." துண்டை விரித்தார். கையை நுழைக்கும்போதே அது அங்கே இருந்தது. இந்தமுறை மூன்று விரல். ஆள்காட்டி, நடு, மோதிரம், மூன்றையும் சேர்த்து, ஒரு சின்ன அழுத்தம். மழைக்கு முந்தின மண் வாடையும் நனைந்த நாய் மயிரின் வாடையும் துண்டின் ஓரத்திலிருந்து எழுந்தன. குட்டி அசையவில்லை. அதன் மஞ்சள் கண்ணின் கிடைக்கோட்டுப் பாவை அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு எதிரே, துண்டின் அடுத்த பக்கத்தில், ஆள் உட்காருகிற உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உதறினார்.

உதறிய அந்தக் கணத்தில், பயத்துக்கு நடுவிலும், உள்ளே ஒரு மூலையில் பழைய தரகர் கணக்குப் போட்டார். ஒன்றிலிருந்து மூன்று. நல்ல ஏற்றம். அந்த நினைப்புக்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சாயந்தரம் குட்டி எழுந்து நின்று அகத்திக்கீரை தின்றது. புண்ணில் நாலைந்து ஈ உட்கார்ந்திருந்தன. சங்கரம்மாள் விசிறியால் அவற்றை விரட்டியபடியே, "பொழைச்சிட்டு!" என்று மகளுக்குத் தட்டில் சோறு போட்டாள். அவள் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. வீடெங்கும் ஈ. அவள் தட்டில் ஒன்றுகூட இல்லை.

உச்சிமாகாளி அதைப் பார்த்தார். இதற்கு ஒரு காரணம் தேடினார். அகப்படவில்லை.

"என்ன தாயி, திங்கலியா?"

"எப்பா, என் விரலு குளுருதுப்பா."

அன்று ராத்திரி மகளை நடுவில் போட்டு, இரண்டு பக்கமும் அவரும் சங்கரம்மாளும் படுத்துக்கொண்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நடப்பது வேறு நேரத்தில் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

புதன்கிழமை காலையில் முடிவு செய்துவிட்டார். இனி துண்டு வேண்டாம், தொட வேண்டாம், குட்டிதான் நிற்கிறதே. பத்து மணிவரை நின்றது. பதினொன்றுக்கு முன்னங்கால் மடிந்தது. பன்னிரண்டுக்குப் பக்கவாட்டில் சாய்ந்து, வாயோரம் நுரை தள்ளி, கால்களைக் காற்றில் உதைத்தது. டாக்டருக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. விலை படியாத வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற மாதிரி, குட்டியின் உடம்பை விட்டு என்னவோ எழுந்து போய்க்கொண்டிருந்தது. அவருக்கு அந்த வித்தை தெரியும். அவரே ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தது. நாலு எட்டு நடப்பான். கூப்பிட மாட்டார்களா என்று நின்று நின்று நடப்பான்.

"எப்பா! எப்படியாவது காப்பாத்துங்கப்பா! என்னைய நாய் கடிக்காம அதுதானப்பா கடி வாங்குச்சு!"

தறிச் சத்தம் நின்றது.

துண்டை விரித்தார். கையைவிட்டார். ஒன்றும் இல்லை. சூடான மயிர். துடிக்கிற விலா. துழாவினார். அவரே துழாவினார்.

வந்தது.

ஐந்து விரலும். மொத்தமாக. அதற்குமேல் ஏற்ற ஒரு கையில் விரல் கிடையாது.

மகள் விம்முகிறாள். குட்டியின் மூச்சு அறுகிறது. எடுத்துக்கோ, எவனாயிருந்தாலும் இந்தக் குட்டியை எடுத்துக்கோ, இல்லை பிழைக்கவை, எங்களை விட்டுவிடு. நினைத்தாரா, சொன்னாரா, தெரியாது. கை தன் வேலையைச் செய்தது. முப்பது வருடப் பழக்கம்.

உள்ளங்கையை அழுத்தினார்.

குட்டி எழுந்தது. சும்மா எழுந்தது, தூங்கி எழுவது போல. உடம்பைச் சிலிர்த்தது. நுரையை நக்கிக்கொண்டது. பிடரியைப் பார்த்தார். கறுப்பு. சுத்தமான கறுப்பு. சாயம் இல்லை.

அப்போதுதான் புரிந்தது. குட்டியை அது விலைக்குக் கேட்கவில்லை. குட்டியின் உயிர்தான் அது கொடுத்த விலை. முதல் விரலுக்குப் பால். மூன்று விரலுக்குக் கீரை. ஐந்துக்கு உயிர். சரக்கு எது என்று ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. குட்டி குறுக்கே நின்றது. அவ்வளவுதான். நடுவில் நிற்பவனை எந்தச் சந்தையில் எவன் வாங்கியிருக்கிறான்?

விம்மல் நின்றிருந்தது.

"செல்வி."

கையை இழுத்தார். வரவில்லை. தரையில் ஒட்டிக் கிடந்த துண்டுக்கு அடியில் ஐந்து விரலும் பிடிபட்டிருந்தன.

"ஏட்டி செல்வி! இங்கன வா! அப்பாட்ட வா மக்கா!"

அவள் புறவாசலைத் தாண்டி, திறந்து கிடந்த முள்வேலிப் படலுக்கு நடந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. பின்னங்கால் இழுபட, சின்னச் சின்ன எட்டாக. கழுத்து மட்டும் முன்னால் நீண்டிருந்தது. தொண்டைத் தோல் இறுகி மடிந்திருந்தது, கயிறு விழுந்த மாதிரி. கயிறு இல்லை. எதிரே யாரும் இல்லை. வெயில்தான்.

பிஸ்கட் அவள் பின்னால் ஒரு தடவை கத்தியது. புண்ணில் ஈ மொய்த்தது.

துண்டுக்கு அடியில் இருந்த கை அவர் கையை விடாமல், திருப்திப்பட்ட வியாபாரியைப் போல, புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டியது.

படலைத் தாண்டும்போது அவளுடைய இரட்டைப் பின்னல் இரண்டு பக்கமும் விலகியது. நடுவில், பிடரியில், மூன்று விரல் அகலத்துக்கு இழுத்த சிவப்பு.

சாயம் இன்னும் காயவில்லை.