சதுப்புப் பக்கத்து மௌனம்

காது கிழியக் கத்திக்கொண்டிருந்த தவளைகள், சதுப்புப் பக்கம் மட்டும் சட்டென்று வாயடைத்தன.

மழை விட்ட சாயங்காலம். மின்சாரம் இல்லை, ஈரச் சுவரின் வாடையும் மெழுகுவத்திப் புகையும் வராந்தாவில் கலந்து நின்றன. இந்த மலைச்சரிவைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒன்பது வகைத் தவளைகளையும் குரலை வைத்தே பெயர் சொல்லிவிடுவாள், அங்கே உட்கார்ந்திருந்த தவளைக் கணக்கெடுப்புக்காரி. ஆள் நடந்தால் தவளை கத்தாது; வந்தவர் ஐந்து நிமிடம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தால்தான் மறுபடி ஆரம்பிக்கும். அவள் தொழிலில் முதல் பாடமே அதுதான்.

அப்படியானால் சதுப்பில் யாரோ நடக்கிறார்கள்.

அங்கே இரண்டு பேராகத்தான் போகவேண்டும். போன மாதம் சோம்பலில் தன் தம்பியைத் தனியாக அனுப்பிவிட்டாள், பாவி. மரத்தைத் தட்டுவதுபோல் ‘டொக்’கென்று கத்தும் சேற்றுத் தவளையைத் தேடிப் போனான் அவன். ஆழச் சேற்றை விட்டு அது வெளியே வரவே வராது. அவனும் வரவில்லை, உடல்கூடக் கிடைக்கவில்லை. தானும் கூடப் போனதாகவும், பிடித்த கை நழுவிவிட்டதாகவும் அம்மாவிடம் சொன்னாள். அம்மா மகளின் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அது இன்னும் நெஞ்சை அறுக்கிறது. உண்மை தெரிந்தால் அம்மா தன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்ற பயம் வேறு.

மௌனம் நகர்ந்தது. வேலியோரத் தவளைகள் அடங்கின. பிறகு கிணற்றடி. பிறகு கொல்லைப்புறம், அம்மாவின் ஜன்னலுக்கு நேர் கீழே.

சேற்று வாடை.

உட்கார்ந்த இடத்தைவிட்டு அவள் அசையவில்லை. மனதுக்குள் நிமிடங்களை எண்ணினாள். ஒன்று. இரண்டு. வேறென்ன செய்வாள்? ஐந்து.

கொல்லைப்புறத்தில் ஒரு தவளை கத்தியது. பிறகு கிணற்றடியில். பிறகு எல்லாம்.

வந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

“ஏன்டி...” உள்ளேயிருந்து அம்மாவின் குரல் மெதுவாக வந்தது. “அன்னைக்கு நீ கூடப் போகவே இல்லையாமே?”

“யாரும்மா சொன்னது?”

மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறை வாசற்படிவரை போனாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைத் துண்டால் பொறுமையாகத் துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டு கறுத்துக்கொண்டே வந்தது. சேறு சொட்டியது.

அந்த வெற்றிடத்தில், ஒரு ஆளின் தொண்டை இருக்கவேண்டிய உயரத்திலிருந்து,

டொக்.